இலவசக் குடையும் இலவச சவாரியும்

"ஸ்டார்ட்அப்" என்ற சொல் இன்று மந்திரிகளின் வாயிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் ஓயாமல் அடிபடுகிறது. வாலிபர்களே, வேலை தேடி அலையாதீர்கள், வேலை கொடுப்பவர்களாக மாறுங்கள் என்று உபதேசம் நடக்கிறது. ஒரு யோசனையும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் போதும், சாமானியனும் கோடீஸ்வரன் ஆகலாம் என்கிறார்கள். ஆனால் இந்தக் கம்பெனிகள் ஒரு புதிய ஊருக்குள் எப்படி நுழைகின்றன? எதை முதலாகப் போடுகின்றன? நஷ்டத்தைக் கடைசியில் யார் தலையில் கட்டுகின்றன? இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. உழைப்பாளி மக்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

அயனம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே, பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கும் ஊர். ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த காலம் உண்டு. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. வயல் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் போனார்கள். வயல்கள் மனைகளாயின. பட்டறைகளில் நிரந்தர வேலை சுருங்கி காண்டிராக்ட் பெருகியது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு காரோ, ஆட்டோவோ, மோட்டார் சைக்கிளோ ஓட்டிப் பிழைக்கிறார்கள். வயலில் பண்ணையார் தெரிந்தார். பட்டறையில் மேஸ்திரியும் மானேஜரும் தெரிந்தார்கள். இந்தப் புது வேலையில் முதலாளி கண்ணுக்கே தெரிவதில்லை. போனில் மணி அடிக்கிறது; ஓட வேண்டும்.

வாடகைக் கார் கம்பெனிகளின் கதையைப் பார்த்தால் முழு சூத்திரமும் விளங்கிவிடும். ஊபர் என்ற கம்பெனி 2009-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கப்பட்டு 2013-ல் இந்தியாவுக்கு வந்தது. ஓலா 2010-ல் பம்பாயில் தொடங்கிப் பிறகு பெங்களூருக்கு மாறியது. இரண்டும் நம் சென்னைக்கு வந்தன. வரும்போது பயணிகளிடம் ஓட கார் கொண்டுவரவில்லை. டிரைவரைச் சம்பளத்துக்கு அமர்த்தவும் இல்லை. கொண்டுவந்தது இரண்டே பொருள்கள்: ஒரு செயலி, ஒரு பண மூட்டை.

புதிய ஊரில் இந்த வியாபாரத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. வண்டி இல்லாவிட்டால் பயணி ஆப்பைத் திறக்க மாட்டார். பயணி இல்லாவிட்டால் டிரைவர் வண்டியை இணைக்க மாட்டார். கோழி முதலா, முட்டை முதலா என்ற கதைதான். இந்தச் சிக்கலை அறிவால் தீர்த்ததாகப் புத்தகங்கள் எழுதுகிறார்கள். உண்மையில் தீர்த்தது பணம். பயணிக்கு முதல் சவாரி இலவசம், அடுத்ததுக்குத் தள்ளுபடி. டிரைவருக்கோ, இத்தனை ட்ரிப் முடித்தால் இவ்வளவு இன்சென்டிவ் என்று பயணி கொடுத்த வாடகைக்கு மேலாகவே பணம். பயணி குறைத்துக் கொடுத்தார், டிரைவர் கூடுதலாகப் பெற்றார், நடுவில் கம்பெனி நஷ்டப்பட்டது. இதைப் பார்த்துத்தான் ஊரெங்கும் ஆச்சரியப்பட்டார்கள்.

நஷ்டம் எவ்வளவு? நம்முடைய ஊகம் வேண்டாம். மேரு என்ற பழைய டாக்சிக் கம்பெனி ஊபர் மீது கொடுத்த புகார் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. டில்லி தலைநகர் வட்டாரத்தில் ஊபர் ஒரு ட்ரிப்புக்கு 204 ரூபாய் நஷ்டத்தில் ஓட்டியதாகப் புகாரில் காட்டப்பட்ட கணக்கை எடுத்துக்காட்டி, போட்டியாளரை ஒழிக்கும் நோக்கம் தவிர வேறு பொருளாதார நியாயம் இதற்குத் தெரியவில்லை என்ற கருத்தில் 2019 செப்டம்பரில் கோர்ட் விசாரணைக்கு உத்தரவிட்டது. பிறகு என்ன நடந்தது? 2021-ல் போட்டி ஆணையம் கோப்பை மூடிவிட்டது. எதிரே ஓலா போட்டி போடுவதால் ஊபருக்குச் சந்தையில் தனி ஆதிக்கம் இல்லையாம்!

அந்தப் போட்டியின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். ஜப்பானின் சாஃப்ட்பேங்க் என்ற பணநிறுவனம் 2014-ல் ஓலாவில் பணம் போட்டது. அதே சாஃப்ட்பேங்க் 2018 ஜனவரியில் ஊபரிலும் சுமார் 15 சதவிகிதப் பங்கை வாங்கியது. சேவல் சண்டைக்கு விட்ட இரண்டு சேவல்களுக்கும் தீனி போடுகிறவர் ஒருவரே. எது ஜெயித்தால் அவருக்கென்ன?

அதற்கும் முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். டாக்சிஃபார்ஷ்யூர் என்ற பெங்களூர்க் கம்பெனியும் இந்தத் தொழிலில் இருந்தது. 2015-ல் ஓலா அதை 20 கோடி டாலருக்கு வாங்கியது; அடுத்த ஆண்டே இழுத்து மூடியது. அதில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வாங்கியது நடத்துவதற்கல்ல, இல்லாமல் ஆக்குவதற்கு.

உலக அளவிலும் இதே நாடகந்தான். சீனாவில் ஆண்டுக்கு 100 கோடி டாலர் இழப்பதாக ஊபரின் தலைவரே 2016-ல் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அந்த நாட்டு வியாபாரத்தை டிடி என்ற போட்டிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டுப் பங்கை வாங்கிக்கொண்டு வெளியேறியது. 2018 மார்ச்சில் தென்கிழக்கு ஆசியா முழுவதையும் கிராப் கம்பெனியிடம் கொடுத்து அதில் 27.5 சதவிகிதப் பங்கைப் பெற்றது. பாகப்பிரிவினை முடிந்தது. உடனே சிங்கப்பூரில் என்ன ஆயிற்று? அந்த நாட்டுப் போட்டி ஆணையம் விசாரித்து, கிராப்பின் கட்டணம் 10 முதல் 15 சதவிகிதம் வரை உயர்ந்தது என்று கண்டு, இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து 1 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம் போட்டது. முதலில் இலவசம், பிறகு பாகப்பிரிவினை, அதன் பிறகு விலையேற்றம். இதற்குப் பெயர்தான் புதிய சந்தையில் வியாபார முறையை உருவாக்குவது.

இதெல்லாம் அமெரிக்க மூளை கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டு மக்கள் நூறு ஆண்டுக்கு முன்பே இதை அனுபவித்திருக்கிறார்கள். 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்தக் காலத்தின் ஸ்டார்ட்அப் அதுதான் என்று சொன்னால் தவறில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓடியது. அதுவரை அந்தக் கடலைத் தன் சொத்தாக வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி என்ன செய்தது? தன் கப்பலைச் சிறப்பாக்கவில்லை. கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. வெள்ளைக் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொள்கிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றது. அந்தக் குடைக்குக் காசு எங்கிருந்து வந்தது? வேறு கடல்களில் ஏகபோகமாக அடித்த லாபத்திலிருந்து வந்தது. சிறிய பங்குகளாகத் திரட்டிய சுதேசிக் கம்பெனியால் எத்தனை நாள் குடை கொடுக்க முடியும்?

அந்தக் கதையில் ஆலைத் தொழிலாளர்களுக்கும் பங்குண்டு. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. முன்னின்றார், அவர்கள் கூலி உயர்வு பெற்றார்கள். சில நாட்களில், மார்ச் 12-ல், அவர் கைது செய்யப்பட்டார். 1911-ல் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. கட்டணக் குறைப்பு மட்டும் அதைக் கொல்லவில்லை. சர்க்காரின் தடியும் சேர்ந்து கொன்றது. குடை கொடுத்த கம்பெனி பிறகு யாருக்கும் குடை கொடுத்ததாகத் தெரியவில்லை.

தேயிலையும் இப்படித்தான் வந்தது. 1930-களின் மந்தத்தில் ஏற்றுமதி சுருங்கிய வேளையில் தேயிலை முதலாளிகளின் வாரியம் ஊர் ஊராகச் சென்று டீயை ஓசியில் ஊற்றிக் கொடுத்தது, தொழிற்சாலைகளுக்குள்ளும் நுழைந்தது. இன்று டீக்கடை இல்லாத மில் வாசல் ஏது? டீயைக் குறை சொல்ல நாம் வரவில்லை. இல்லாத பழக்கத்தை உண்டாக்கிவிட்டால் கொடுத்த ஓசிக்குப் பலமடங்கு திரும்பி வரும் என்பதைச் சொல்கிறோம். சாப்பாடு கொண்டுவரும் கம்பெனிகளும் 2023-ல் ஆர்டர் ஒன்றுக்கு 2 ரூபாய் என்று தனிக் கட்டணம் ஒன்றைத் தொடங்கின. 2025-ல் அது 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. பழகியவர்கள் கொடுக்கிறார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சென்னையில் இந்தக் கம்பெனிகளைப் பொதுஜனங்கள் வரவேற்றதற்குக் காரணம் இருந்தது. 2013 ஆகஸ்டில் சர்க்கார் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. மீட்டர் போட மறுத்து வாய்க்கு வந்த வாடகை கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் தாயிடம் பேரம் பேசியதை யாரும் மறக்கவில்லை. அந்தக் கசப்பின் மேல்தான் கம்பெனிகள் கடை விரித்தன. அதேசமயம் பெட்ரோல், கேஸ், இன்சூரன்ஸ் எல்லாம் ஏறியும், பத்தாண்டு கடந்தும் அந்தக் கட்டணத்தைத் திருத்தாமல் விட்ட சர்க்காருக்கும் இதில் பொறுப்புண்டு. நியாயமான கட்டணத்தைச் சட்டம் காலாகாலத்தில் திருத்தாத இடத்தில் ஆப் வந்து உட்கார்ந்தது.

பண மூட்டை தீர்ந்ததும் அல்லது போட்டவர்கள் லாபம் கேட்டதும் சூத்திரத்தின் மறுபாதி தொடங்கியது. முதலில் இன்சென்டிவ் குறைந்தது. பிறகு கமிஷன் ஏறியது. ஆரம்பத்து வருமானத்தை நம்பிக் கடன் வாங்கிக் கார் எடுத்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். வருமானம் பாதியாகலாம், மாதா மாதம் கட்டும் டியூ பாதியாகுமா? 2017 பிப்ரவரியில் டில்லி தலைநகர் வட்டாரத்திலும் 2018 அக்டோபரில் பம்பாயிலும் ஓலா, ஊபர் டிரைவர்கள் நாள் கணக்கில் வண்டிகளை நிறுத்திப் போராடியது இதனால்தான்.

ஓர் உத்தேசக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பயணி கொடுப்பது 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி நூற்றுக்கு 25 எடுத்தால் மீதி 225. சவாரி 18 கிலோமீட்டர், பயணியை ஏற்றப் போன காலி ஓட்டம் 6 கிலோமீட்டர், ஆக 24. கிலோமீட்டருக்கு 5 ரூபாய் எரிபொருள் என்றால் 120 போயிற்று. கையில் நிற்பது 105. இதிலிருந்து டியூ, இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், ஆயில். சென்னை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். மிஞ்சுவது கூலியா, வண்டியின் தேய்மானமா? இதைக் கணக்கிட்டுப் பார்க்கும் தொழிலாளி, தன் வண்டியைத்தானே தின்று ஜீவிப்பதைக் கண்டுகொள்வார்.

மில் தொழிலாளி இதை யோசித்துப் பார்க்கட்டும். மில்லில் தறி முதலாளியுடையது, பஞ்சும் அவருடையது. தறி உடைந்தால் அவர் செலவு. வேலை இல்லாமல் லே-ஆஃப் செய்தால் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்று 1953-ல் சட்டம் வந்தது. சும்மா வரவில்லை, போராடி வந்தது. ஆப் கம்பெனியிலோ தறியைக் கடனில் வாங்குவதும் தொழிலாளி, பழுது பார்ப்பதும் தொழிலாளி, ஆர்டர் வராமல் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலியில்லாமல் இருப்பதும் தொழிலாளி. பெயர் மட்டும் "பார்ட்னர்"! லாபத்தில் பங்கில்லாத, நஷ்டத்தில் முழுப் பங்குள்ள பார்ட்னர்.

விவசாயத் தொழிலாளிக்கு இன்னும் எளிதில் விளங்கும். இது வாரச் சாகுபடி. ஏர், மாடு, விதை, உரம், உழைப்பு எல்லாம் சாகுபடிதாரருடையது. நிலம் மட்டும் மிராசுதாருடையது. களத்தில் அவர் பங்கு முதலில் அளக்கப்படும். இன்று ஆப்தான் நிலம். பயணி எங்கே நிற்கிறார் என்ற தகவல்தான் வயல். அந்த வயலுக்கு வேலி போட்டவன் வாரம் கேட்கிறான். நம் மாநிலம் 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம் கொண்டுவந்து, நன்செய்யில் நிலக்காரருக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40-க்கு மேல் கிடையாது என்றது. பின்னர் அதையும் 25 ஆக்கியது. நிலத்துக்கு உச்சவரம்பு வைக்கத் தெரிந்த சட்டசபைக்கு ஆப்புக்கு வைக்கத் தெரியாதா?

வாரத்துக்குப் பதில் குத்தகை என்ற மாற்றமும் வந்துவிட்டது. 2022 நவம்பரில் பெங்களூரில் ஆட்டோ டிரைவர் சங்கமும் ஜஸ்பே என்ற மென்பொருள் கம்பெனியும் சேர்ந்து "நம்ம யாத்ரி" ஆப்பைக் கொண்டுவந்தார்கள். கமிஷன் இல்லை; பிறகு நாளொன்றுக்கு 25 ரூபாய் என்று வைத்தார்கள். டிரைவர்கள் அலை அலையாக அங்கே போகவே, கமிஷன் இல்லாமல் தொழிலே நடக்காது என்று சாதித்த பெரிய கம்பெனிகளும் ஆட்டோவுக்கு 2025-க்குள் தினக் கட்டணத்துக்கு இறங்கிவந்தன. நூற்றுக்கு 25 என்பது கடவுள் எழுதிய விதியல்ல என்பது வெட்டவெளிச்சமாயிற்று. இது தொழிலாளருக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் குத்தகையின் குணமும் நமக்குத் தெரியும். வாரத்தில் விளைச்சல் பொய்த்தால் மிராசுதாருக்கும் குறையும். குத்தகையில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளக்க வேண்டும். இன்றைய 25 ரூபாய் நாளைக்கு எவ்வளவு என்று நிர்ணயிப்பது யார்? கேரள சர்க்கார் 2022-ல் "கேரள சவாரி" என்று தானே ஓர் ஆப்பைத் தொடங்கியது. நம் மாநிலத்திலும் சர்க்காரே நடத்த வேண்டும் என்று ஆட்டோ சங்கங்கள் கேட்டு வந்திருக்கின்றன. அரசு பஸ் ஓடுகிற நாட்டில் அரசு ஆப் ஓடாதா?

சட்டங்களின் நிலை என்ன? பெரும்பாலும் அரைக் கிணறுதான். 2020-ல் மத்திய சர்க்கார் வகுத்த வழிகாட்டுதல், கட்டணத்தில் 80 சதவிகிதமாவது டிரைவருக்குச் சேர வேண்டும் என்றது. 2025-லும் சொந்த வண்டிக்காரருக்கு அதையே சொன்னது. ஆனால் வழிகாட்டுதல் என்பது மாநிலம் ஏற்றுச் செயல்படுத்தினால்தான் உயிர் பெறும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, இந்தக் கம்பெனிகள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவிகிதம் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. கூடவே, இவர்களை முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உள்ளவர்கள் என்று வரையறுத்தும் விட்டது. ஒரு கையால் காசு, மறுகையால் உரிமைப் பறிப்பு. 2021 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட் ஊபர் டிரைவர்கள் தொழிலாளர்களே, குறைந்தபட்சக் கூலிக்கு உரியவர்களே என்று தீர்ப்பளித்ததை டில்லி எஜமானர்கள் படிக்கவில்லையா?

தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இணையம் சார்ந்த சேவைத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தார்கள். 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்றார்கள். சென்னையில் சில இடங்களில் இளைப்பாற அறைகளும் கட்டப்பட்டன. இவற்றை நாம் வரவேற்கிறோம். வெயிலில் நின்றவனுக்கு நிழல் நல்லதுதான். ஆனால் நிழல் கூலியாகாது. நலவாரியம் என்பது விபத்துக்கும் சாவுக்கும் படிப்புக்கும் உதவும். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று அது கேட்காது.

போராடினால் கம்பெனிகள் இறங்கும் என்பதற்குச் சமீபத்திய உதாரணமே இருக்கிறது. 2025 டிசம்பர் 25-லும் 31-லும் டெலிவரித் தொழிலாளர்கள் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த மாதம் மத்திய தொழிலாளர் மந்திரி கம்பெனிகளை அழைத்துப் பேசினார். பிளிங்கிட் தன் "10 நிமிடம்" வாசகத்தை எடுத்தது. விளம்பரத்திலிருந்து போயிற்று. போனில் ஓடும் கடிகாரத்திலிருந்தும் போயிற்றா என்பதை வண்டி ஓட்டுகிறவர்களே சொல்ல வேண்டும்.

புதுத்தொழில் தொடங்குவோர்மீது நமக்கு விரோதமில்லை. அம்பத்தூரில் ஒரு லேத்தைப் போட்டு நாலு பேருக்கு வேலை கொடுக்கும் வாலிபருக்கு பாங்கு பத்து லட்சம் தரத் தயங்குகிறது. நஷ்டத்தையே தொழிலாகக் கொண்ட கம்பெனிக்கு ஆயிரம் கோடிகள் கொட்டுகின்றன. ஸ்விக்கி கம்பெனி 2021-22-ல் 3,629 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. இடையில் 2024 நவம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. அதன் பிறகு 2024-25-லும் 3,117 கோடி நஷ்டம். இந்த நஷ்டத்தைத் தாங்கும் சக்தி எவருக்கும் உண்டா, எட்டணாப் பங்குக்காரனுக்கு உண்டா, தெருமுனை மெஸ் நடத்தும் அம்மாளுக்கு உண்டா?

ஆகவே மாநில சர்க்காரிடம் நாம் கேட்பது இது. ஆட்டோ, கார், டெலிவரி எல்லாவற்றுக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச வீதத்தைச் சட்டமாக்கி, காலி ஓட்டத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். கமிஷனுக்கும் தினக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு வேண்டும். விசாரணையும் விளக்கமும் இல்லாமல் ஐடியை பிளாக் செய்வது ஆளை வேலைநீக்கம் செய்வதற்குச் சமம். அதைத் தடை செய்ய வேண்டும். பயணி கொடுத்தது எவ்வளவு, கம்பெனி எடுத்தது எவ்வளவு என்பதை ஒவ்வொரு ட்ரிப்பிலும் இரு தரப்புக்கும் காட்ட வேண்டும்.

அயனம்பாக்கம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வண்டித் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. நலவாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் உடனே பதிவு செய்துகொள்ளுங்கள். இன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எந்த ட்ரிப், எத்தனை கிலோமீட்டர், காலியாக ஓடியது எவ்வளவு, காத்திருந்தது எத்தனை நிமிஷம், பயணி கொடுத்தது, கைக்கு வந்தது, எரிபொருளுக்குப் போனது. கம்பெனியிடம் எல்லாக் கணக்கும் இருக்கிறது, அது தராது. நூறு பேரின் நோட்டுகள் சேர்ந்தால் சங்கம் அதைத் தொழிலாளர் துறை மந்திரியின் மேஜைமேல் வைத்துப் பேச முடியும்.